மித்ரே சொல்லாத ஊர்

இந்த வருடம் மித்ரேயின் வீட்டுக் கதவு திறக்காதாம் என்ற பேச்சு, அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் அகலத் தெருவின் பூங்கா முனையில் கிளம்பியது. மறுமுனையில் இருக்கும் கடிகாரக் கோபுரத்துக்கு வந்து சேர்வதற்குள் மித்ரே திவாலாகியிருந்தார். கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவதற்குள் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து முடிந்திருந்தது. எங்கள் ஊரான பிட்டோலாவில் செய்திக்கும் சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வரும் பழக்கம் உண்டு. மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

விசாரிக்கலாம் என்று போனேன். திவாலாகி, நெஞ்சைக் கிழித்துத் தைத்துக்கொண்ட அந்த மனிதர், தன் திரைச்சீலைக் கடையில் மீட்டர் கோலை ஊன்றி நின்றபடி, பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல் பாடும் பிளகுனாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டு அடுப்ப யாரு பாத்துக்குவா?"

"நாத்தனார் வந்து வெறகு போடுவா."

"எத்தன நாளைக்குப் போடுவா?"

"ரெண்டு நாளைக்கு. மூணாவது நாள் அவளுக்கு என் மேல கோவம் வந்துரும்."

"அப்ப ரெண்டு ராத்திரிதான். சன்னல் எந்தப் பக்கம்?"

"மேக்க. நீதானே திரை தச்சுக் குடுத்த, மறந்துட்டியா? சொலூன்னு சொல்லு, கெளம்பறேன்."

"சொலூன் வேண்டாம். சோஃபியா போ."

"சோஃபியாவா? அது கெழக்குச் சன்னல்காரங்க ஊருன்னு நீதானே சொல்லுவ?"

"அது வெயில் காலத்துல. எலை உதிர்ற காலத்துல மேக்கும் கெழக்கு மாதிரித்தான்" என்றார் மித்ரே, பூகோளத்தை ஒரே வார்த்தையில் மடித்து வைத்துவிட்டு.

கடையின் பின்பக்கத்தைப் பிரிக்கும் பழுப்புத் திரைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த தையல் எந்திரம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மித்ரேயின் தொழில் திரைச்சீலை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவர் கடைக்குள் நுழைவது, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்ப எந்தப் பெருநகரம் தோது என்று கேட்கத்தான். அவர் இதற்குக் காசு வாங்குவதில்லை. காசு வாங்கினால் குறை சொல்லலாம். இலவசமாகச் சொன்னால் கேட்டவன்தான் பொறுப்பு என்பது அவர் கொள்கை. ஒல்லியான ஆள், ஐம்பத்தெட்டு வயது, கழுத்தில் அளவு நாடா, காதில் சாக்குக்கட்டி. சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசிகள். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் அவற்றில் இரண்டை உருவி உதட்டில் வைத்துக்கொள்வார். வாயில் ஊசி உள்ளவனைப் பேசச் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

ஊர்களைத் தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. குடைமிளகாயைச் சுட்டு அரைத்த ஐவார் பாட்டில் ஒன்றை வெள்ளிக்கிழமை காலை திறந்து, ஒரு கரண்டி எடுத்துவிட்டு, அடுப்பங்கரை மேடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நீங்கள் திரும்பி வரும்போது அதில் பூஞ்சணம் பிடித்திருக்கக் கூடாது. "அதுக்குள்ள போய்ட்டு வர முடிஞ்சா அது ஊரு. முடியலேன்னா அது பிரயாணம். பிரயாணத்துக்கு வேற யாரையாவது கேளு" என்பார். இந்தக் கணக்கில் சொலூன், ஸ்கோப்யே, திரானா, சோஃபியா எல்லாம் பாட்டிலுக்குள் வசதியாக அடங்கிவிடும். பெல்கிரேட் மூடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வியன்னா என்றால் முழுப் பூஞ்சணம். சொலூனை வரைபடங்கள் தெசலோனிக்கி என்று எழுதும். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நகரத்தை நாங்கள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் சன்னல். கிழக்குச் சன்னல்காரர்கள் விடியலில் விழித்துப் பழகியவர்கள்; சோஃபியாவில் காலை எட்டு மணிக்கே மூன்று தேவாலயங்களைப் பார்த்து முடித்துவிட்டு மனைவியை நச்சரிப்பார்கள். மேற்குச் சன்னல்காரர்களுக்குச் சாயங்காலம்தான் உயிர். கடலோரம் சூரியன் இறங்குவதைப் பார்க்கச் சொலூன். வடக்குச் சன்னல் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பது மித்ரேயின் கண்டுபிடிப்பு. அவர்களைத் திரானாவுக்கு அனுப்புவார். அங்கே சாலையைக் கடப்பதற்காவது ஒருவர் கையை மற்றவர் பிடித்தாக வேண்டும். இதெல்லாம் சுத்தப் பிதற்றல் என்று பல் மருத்துவர் கோச்சோ வருடத்துக்கு இரண்டு முறை அறிவிப்பார். அறிவித்த கையோடு மித்ரே சொன்ன ஊருக்கே போய்விட்டும் வருவார்.

எந்த ஊருக்குச் சொன்னாலும் அந்த ஊரில் ஒரே ஒரு விடுதியைத்தான் மித்ரே சொல்வார். கட்டிலைப் பார்ப்பதில்லை, குளியலறையைப் பார்ப்பதில்லை. சன்னல் திரையின் இரண்டு பாதியையும் இழுத்துவிட்டால் நடுவில் கச்சிதமாகச் சேர வேண்டும். வெளிச்சம் ஒரு கீற்றுக்கூட உள்ளே வரக் கூடாது. சொலூனில் அப்படி ஒரே விடுதிதான், மீன் சந்தைக்குப் பின்னால். பிட்டோலாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அதன் பெயர் தெரியும். வார இறுதியில் அங்கே காலைப் பலகாரம் சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் உங்கள் வரி அலுவலர், வலது பக்கம் உங்கள் சம்பந்தி. எங்கள் ஆட்கள் ஊரை விட்டுப் போவதே ஊர்க்காரர்களை நல்ல உடுப்பில் பார்க்கத்தான்.

பிளகுனா முகத்தைச் சுளித்துக்கொண்டு கடையை விட்டுப் போன பிறகு, வந்த காரியத்தைக் கேட்டேன்.

"மித்ரே, மித்ரோவ்தென்னுக்குக் கதவு தொறக்க மாட்டீங்களாமே?"

மித்ரோவ்தென் என்பது நவம்பர் எட்டாம் தேதி, புனித திமித்ரியின் நாள். மித்ரே, திமித்தார் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அன்று பெயர் நாள். அன்று யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால்தான் அவமானம். காப்பிப் பொட்டலமும் சர்க்கரையும், கூடவே ஒரு மிட்டாய்ப் பெட்டியும் எடுத்துக்கொண்டு ஊர் தானாக வரும். கதவு திறந்திருக்க வேண்டும். சாத்தியிருந்தால் வீட்டில் சாவு, அல்லது நோய், அல்லது வாங்கின கடன். நான்காவது காரணம் இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"யாரு சொன்னா?" என்றார் மித்ரே.

"பக்கத்து வீட்டு லெங்கா. வருஷா வருஷம் அவங்களோட பெரிய வட்டத் தட்டையும் எட்டு நாற்காலியையும் உங்க வீட்டம்மா கேப்பாங்களாம். இந்த வருஷம் வாயே தொறக்கலையாம்."

மித்ரே காலரிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி உதட்டில் வைத்துக்கொண்டார்.

எந்திரம் நின்றது. பழுப்புத் திரையை விலக்கிக்கொண்டு மித்ரேயின் மனைவி தஃபினா வெளியே வந்தார். நல்ல உயரம்; முழங்கை வரை நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மித்ரே விற்கும் ஒவ்வொரு திரைக்கும் ஓரம் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். ஊரில் எல்லோரும் அவருடைய குரலைத் துணிக்கு அப்பாலிருந்து கேட்டே பழக்கப்பட்டவர்கள்.

"லெங்கா சொன்னது நெசம்தான். அவரு வாயில ஊசி இருக்கு, நான் சொல்றேன். மித்ரோவ்தென்னுக்கு மலையில ஆடு மேய்க்கறவனக்கூட கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. கூலியாளு மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருவான். காலங்காலமா அதானே வழக்கம்? எங்க வீட்ல மட்டும் அன்னிக்குத்தான் ஆள வேலைக்கு எடுக்கறது. கல்யாணம் ஆன நாள்லேருந்து எடுக்கறாங்க, இன்னும் கணக்கு முடிக்கல."

"ம்" என்றார் மித்ரே, ஊசிகளின் வழியாக.

"நாலு நாள் மாவு இழுக்கணும், அடுக்கு ரொட்டி சுடணும், கறி வேக வெக்கணும். அன்னிக்கு யாரு வருவா, எத்தன பேரு வருவாங்க, ஒண்ணும் தெரியாது. ராத்திரி கடைசி ஆளு போனப்புறம் நான் நின்னுக்கிட்டே ஒரு வாய் சாப்பிடுவேன். இந்த வருஷம் அன்னிக்கு, வேற யாரோ விரிச்ச படுக்கையில நான் படுத்துத் தூங்கப்போறேன். யாரு கதவத் தட்டினாலும் அது என் கதவு இல்ல."

"எந்த ஊருல?"

"அது அவரு பாடு. ஊருக்கே ஊரு சொல்றாரே. எனக்கு ஒண்ணு சொல்லட்டும். சொல்லலேன்னா நான் தனியாப் போறேன். இவரு கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு மீட்டர் கோலை அளந்து குடுக்கட்டும்."

மித்ரே துணி வாங்கச் சொலூனுக்கும் சோஃபியாவுக்கும் போய்வராத மாதமில்லை. தஃபினா போனதில்லை. கடையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. அவருக்குச் சொலூன் என்றால் நீலக் கோடு போட்ட பருத்தி. சோஃபியா என்றால் ஊசி முறியும் கனமான வெல்வெட். திரானா என்றால் சலவைக்குச் சுருங்கும் சல்லாத்துணி. "எல்லா ஊருக்கும் நான் ஓரம் அடிச்சிருக்கேன். ஒண்ணையும் கண்ணால பாக்கல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகும்போது பழுப்புத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்றும் சொன்னார். "எல்லார்கிட்டயும் கேக்கறியே மித்ரே, வீட்டு அடுப்ப யாரு பாத்துக்குவான்னு. உன் வீட்டு அடுப்ப யாரு பாத்துக்கிட்டா?"

மித்ரே ஊசிகளைத் திரும்பக் காலரில் குத்தினார். ஊர் முடிவு செய்துவிட்டதாகவும், எது என்று செத்தாலும் சொல்லப்போவதில்லை என்றும் என்னிடம் மெல்லிய குரலில் தெரிவித்தார். பேச்சு நிஜம்தான் என்று உறுதியாகிவிட்டது. அத்தோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பெயர் நாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம், அகலத் தெருவில் கோச்சோ வழக்கமாக உட்காரும் காப்பிக்கடையில் விஷயம் உடைந்தது. உடைத்தவர்கள் யாரும் அறிவாளிகள் அல்லர். மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் குறையைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

"என்னைச் சோஃபியா போகச் சொன்னான். மேக்குச் சன்னல் வெச்சுக்கிட்டு நான் எதுக்குச் சோஃபியா போகணும்?" என்றார் பிளகுனா.

"என்னை ஸ்கோப்யே போகச் சொன்னான்" என்றார் லெங்கா. "ஸ்கோப்யேல என் மருமக இருக்கா. அவகிட்டேருந்து தப்பிக்கத்தான் நான் ஊரே கேட்டேன்."

கோச்சோ கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் திரானா. சொலூன்ல கடலோரம் பூரா தோண்டிப் போட்டிருக்கான், கால் வெக்க எடமில்லன்னான்."

"என்கிட்ட அங்க மழைன்னான்" என்றார் லெங்கா.

"என்கிட்ட எலை உதிர்ற காலத்துல மேக்கும் கெழக்குதான்னான்" என்றார் பிளகுனா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பேர் கேட்டால் ஏழு பேருக்குச் சொலூன் சொல்லும் மனிதன், இரண்டு வாரமாக ஒருத்தருக்கும் சொலூன் சொல்லவில்லை. எந்த ஊரிலிருந்து அத்தனை பேரையும் விரட்டினானோ அந்த ஊரில்தான் அவன் இருப்பான். எந்த விடுதி என்று கேட்கவே வேண்டியதில்லை.

"பாவம், பேர் நாளும் அதுவுமா யாருமில்லாம தனியாக் கெடப்பான்" என்றார் லெங்கா. அவர் குரலில் கலப்படமில்லாத கருணை இருந்தது. கதவு சாத்தியிருந்தால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்பதை ஒரு வாரமாகப் பேசியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"நாம போனாத்தான் அவன் மானம் நிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார் கோச்சோ. "கதவு எங்க இருந்தா என்ன? ஆளு இருக்கற எடத்துலதானே பேர் நாளு."

மறுநாள் விடிகாலையில் ஒரு வேன் எல்லையைத் தாண்டியது. கோச்சோ, லெங்கா, பிளகுனா, பிளகுனாவின் புருஷன் இலோ, எல்லோர் மடியிலும் காப்பிப் பொட்டலம், சர்க்கரை. எல்லைச் சாவடியில் அதிகாரி இவ்வளவு காப்பி எதற்கு என்று கேட்டார். "விருந்துக்குப் போறோம்" என்றார் கோச்சோ. யார் அழைத்தது என்று கேட்டார் அவர். வேனில் இருந்த எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அழைத்தார்களா என்று எங்களைப் பார்த்து ஒருவர் கேட்டுவிட்டாரே. எங்களை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேனில் கடைசி இருக்கையில் நானும் இருந்தேன்.

விடுதியின் முன்கூடத்தில் நாங்கள் போய் உட்கார்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அறைக்குத் தொலைபேசியில் சொன்னாள். மின்தூக்கி இறங்கி வந்தது. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு மித்ரே வெளியே வந்தார். காலரில் ஊசி இல்லாமல் அவரைப் பார்ப்பது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவரைப் பார்ப்பது போல இருந்தது.

"யாரு செத்தா?" என்றார்.

"யாரும் சாகலடா. உனக்குப் பேர் நாளு" என்றார் கோச்சோ. "நெறைய வருஷம் இருக்கணும்."

"இங்க பேர் நாளெல்லாம் முடிஞ்சு பதிமூணு நாளாச்சு." மித்ரேயின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "இவங்க நாள்காட்டி வேற. போன மாசமே புனிதருக்கு மணி அடிச்சு, ஊர்வலம் விட்டு, எல்லாம் கழுவிக் கவுத்தியாச்சு. அதுக்குத்தானே இந்த ஊரப் பாத்து வந்தேன்."

"இவங்களுக்கு முடிஞ்சிருக்கும். நமக்கு இன்னிக்குத்தானே" என்றார் இலோ. "நாங்க வரும்போதே நாளையும் கூடவே எடுத்துட்டு வந்துட்டோம்."

"தஃபினா எங்க?" என்று கேட்டார் லெங்கா.

"தூங்கறா."

"இந்நேரத்துக்கா?"

"திரை நல்ல திரை. நடுவுல கச்சிதமாச் சேருது. விடிஞ்சதே அவளுக்குத் தெரியல." ஒரு கணம் அவர் முகத்தில் தொழில்காரனின் பெருமை எட்டிப் பார்த்தது.

"நான் போய் எழுப்பிக் கூட்டியாறேன். எந்த ரூம்?" லெங்கா மிட்டாய்ப் பெட்டியோடு எழுந்து மின்தூக்கியை நோக்கி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

மித்ரே இரண்டு எட்டில் அவருக்கு முன்னால் போய், அகலத் துணியை அளப்பவர் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"லெங்கா, உக்காரு. அந்தக் கதவு இன்னிக்குத் தொறக்காது."

மித்ரோவ்தென் அன்று, மித்ரே என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லி எங்களில் யாரும் கேட்டதில்லை. லெங்கா உட்கார்ந்துவிட்டார். கோச்சோ காப்பிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேனிலேயே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் ஒரு நிமிடம் இப்படியே போயிருந்தால் எழுந்து போயிருப்போம். மித்ரேயின் பெயர் பிட்டோலாவில் அதோடு முடிந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்தது. கையை மடக்கிக்கொண்டார்.

"இருங்க. யாரும் எந்திரிக்காதீங்க. நான் கொண்டாறேன்."

"நீயா?" என்றார் பிளகுனா.

அவர் தெருவில் இறங்கி ஓடினார். எங்கள் வீடுகளில் விருந்தாளி உட்கார்ந்ததும் வீட்டம்மா தட்டு எடுத்து வருவார்: சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரிப்பழம், தேக்கரண்டிகள், தண்ணீர்க் கோப்பைகள். விருந்தாளி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, வாழ்த்துச் சொல்லி, தண்ணீர் குடித்து, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும். ஆண்கள் அந்தத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்; அதைத் தூக்கியதில்லை. மித்ரே பக்கத்து இனிப்புக்கடையிலிருந்து ஒரு பாட்டில் பாகுச் செர்ரியோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். மேசைக்காரப் பெண் தட்டும் கோப்பைகளும் கரண்டிகளும் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள்.

அவருக்கு யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். லெங்காவுக்கு இனிப்பைக் கொடுக்காமலே தண்ணீரைக் கொடுத்தார். இலோவின் கைக்குக் கரண்டி எட்டவில்லை. தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோச்சோவின் காற்சட்டையில் சிவப்பாகப் பாகு இறங்கியது.

"பல் பிடுங்கறப்போ நான்கூட இவ்வளவு ரத்தம் பாத்ததில்ல" என்றார் கோச்சோ.

பெண்கள் இருவருக்கும் கை பரபரத்தது. பிளகுனா பாதி எழுந்தார். "உக்காரு" என்றார் மித்ரே. நெற்றி வேர்த்திருந்தது. "இது கனமாத்தான் இருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அப்போது மின்தூக்கி மறுபடி இறங்கியது.

தஃபினா வெளியே வந்தார். மேல்கோட்டுப் போட்டு, தலை வாரி, கைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் மட்டும் தலையணையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கூடத்தின் நடுவில் தட்டோடு நின்ற புருஷனைப் பார்த்தார். தஃபினா வந்து தட்டை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மித்ரேயும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தட்டு தானாகவே ஒரு விரற்கடை முன்னால் நீண்டது.

தஃபினா அதைத் தாண்டி நடந்தார். லெங்காவுக்கும் பிளகுனாவுக்கும் நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, விருந்தாளிகள் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

மித்ரே தட்டோடு வந்து அவர் முன்னால் குனிந்தார். தஃபினா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், அவசரமில்லாமல் மென்றார்.

"பேர் நாள் வாழ்த்து, மித்ரே. நெறைய வருஷம் இருக்கணும்." தண்ணீரைக் குடித்தார். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டார். பிறகு விருந்தாளிகள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மித்ரே தட்டை நிமிர்த்திப் பிடித்தார். "சௌக்கியந்தான். வீட்டம்மாதான் தூங்கறா. ரொம்ப அலுப்பு அவளுக்கு."

"தூங்கட்டும், எழுப்பாத" என்றார் தஃபினா.

யாருக்கும் முதலில் சிரிப்பு வரவில்லை. அப்புறம் கோச்சோவுக்கு வந்தது, பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தஃபினா எழுந்துவிட்டார். முதலில் வந்தவர் முதலில் கிளம்ப வேண்டும் என்பதுதான் முறை. கடைசியாக வந்து முதலில் கிளம்பினார் அவர்.

"நான் வரேன். கடலு எந்தப் பக்கம்னு வெளிய கேட்டுக்கறேன்." வாசல் வரை போய்த் திரும்பி, எங்கள் ஊரில் விருந்தாளிகள் படியிறங்கும்போது சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னார். "இப்ப நான் வந்துட்டேன். இனி நீதான் என் வீட்டுக்கு வரணும். கடன்."

கண்ணாடிக் கதவு சுழன்றது. அவர் தெருவில் வலது பக்கம் திரும்பினார். கடல் இடது பக்கம். மித்ரே சொல்லப் போனார்; சொல்லவில்லை. கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவுவதற்கு இடம் எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

பிட்டோலாவில் காசுக் கடனை மறப்பவர்கள் உண்டு. போன வருகைக்குத் திரும்ப வராதவர்களை மறப்பவர்கள் கிடையாது. குளிர்காலம் முடிவதற்குள் மித்ரே எல்லோருக்கும் தீர்த்துவிட்டார். கோச்சோ வீட்டுக்குப் போனார், இலோவின் பெயர் நாளுக்குப் போனார், லெங்காவின் வீட்டுக்கு மிட்டாய்ப் பெட்டியோடு போய் மருமகளைப் பற்றிய புகார் முழுவதையும் கேட்டார். தஃபினாவுடையதுதான் நிற்கிறது. எங்கள் நாள்காட்டியில் தஃபினா என்ற பெயருக்கு ஒரு புனிதர் இல்லை, ஆகவே ஒரு நாளும் இல்லை. தஃபினா என்றால் குழம்பில் போடும் பிரிஞ்சி இலை. மணத்துக்குப் போட்டு, சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது. குருத்தோலை ஞாயிறு அன்று, பூவின் பெயரும் செடியின் பெயரும் உள்ளவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாள் உண்டே என்று லெங்கா சொல்லிப் பார்த்தார். "வரட்டும், ஆனா நான் கூப்பிட மாட்டேன். கூப்பிடறது வழக்கமில்ல" என்று துணிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

தவிர, ஒரே வீட்டில் குடியிருக்கும் ஆளின் வீட்டுக்கு எப்படி விருந்தாளியாகப் போவது? எந்த வாசல் வழியாக? மித்ரே கோச்சோவைக் கேட்டார். கோச்சோ வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

போன வாரம் கடைக்குப் போனபோது பிளகுனா நின்றுகொண்டிருந்தார். மேற்குச் சன்னல், இரண்டு ராத்திரி. "சொலூன்" என்றார் மித்ரே, யோசிக்காமல். இப்போதெல்லாம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார். வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் கடைசியாக எப்போது ஊருக்குப் போனார் என்று. பலருக்கும் பதில் தெரிவதில்லை. அவர்களுக்கு ஊர் சொல்ல மறுத்துவிடுகிறார். வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு பேச்சு. அதை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

பிளகுனா போன பிறகு நான் வெளியே நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பழுப்புத் திரைக்கு அப்பால் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மித்ரே கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்தார். எச்சில் தொட்டுத் தலையைப் படிய வாரிக்கொண்டார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு காப்பிப் பொட்டலத்தையும் சர்க்கரையையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பழுப்புத் திரைக்கு முன்னால் போய் நின்றார். தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

துணியைத் தட்ட முடியாது. விரல் முட்டி காற்றிலேயே நின்றது.

எந்திரம் நின்றது. "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மித்ரே ஓங்கிய கையை மெல்ல இறக்கி, காலரிலிருந்து இரண்டு குண்டூசிகளை உருவி உதட்டில் வைத்துக்கொண்டார்.